செஞ்சிச் சந்தையும் தானிய விலையும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டைக்காகப் பெயர் பெற்ற விழுப்புரம் மாவட்ட ஊர் செஞ்சி. இது சுற்றுவட்டார நெல்லும் மணிலாக்கொட்டை எனப்படும் வேர்க்கடலையும் விலைபேசப்படும் சந்தை நகரமும் ஆகும். விற்போர் ஒரு விலைக்குத் தர முன்வரும் அளவு வழங்கல் எனவும், அவ்விலைக்கு வாங்குவோர் கேட்கும் அளவு தேவை எனவும் பொருளியலில் குறிக்கப்படும். இரண்டும் ஒத்துவரும் புள்ளியில் விலை நிலைகொள்ள முற்படும். எனினும் வயலில் விளைந்ததெல்லாம் வழங்கலாகிவிடாது, வாங்குவோர் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்ததே வழங்கலாகும் என்பதற்கு இவ்வூரின் வரலாறு தெளிவான சான்று.

மராத்திய மன்னர் ராஜாராம் தங்கியிருந்த இக்கோட்டையை, 1690 முதல் 1698 வரை நீண்ட போரில், சுல்பிகார் கான் தலைமையிலான முகலாயப் படை முற்றுகையிட்டது. 1692 இறுதியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வழிகளை மறித்ததால், முற்றுகையிட்டோர் பாளையத்திலேயே தானியம் அரிதாகி, 1693 தொடக்கத்தில் அப்படை வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டைக்குள் தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்டு இன்றும் நிற்கும் நெற்களஞ்சியம், முற்றுகைக் காலங்களுக்கென்றே வழங்கலைச் சேமித்து வைக்கும் ஏற்பாடாகும்.

தேவை தொலைவிலிருந்தும் வரக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகள் வேர்க்கடலையைக் கேட்டு வாங்கியதால், புதுச்சேரித் துறைமுகம் வழியாக ஏற்றுமதி பெருகி, செஞ்சி அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் மணிலா சாகுபடி விரிந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் அதே தேவை சுருங்க, விலையும் சரிந்தது. எடைமோசடியையும் தகாத பிடித்தங்களையும் தடுக்க 1933இல் இயற்றப்பட்ட மதராஸ் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டமே இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு அடிப்படை.

செஞ்சி விற்பனைக் கூடத்தில் வியாபாரிகள் நெல்லைக் கையில் அள்ளி, ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்த்து, பிறர் அறியாதபடி விலையைச் சீட்டில் எழுதித் தருவது மறைமுக ஏலம் எனப்படும். உயர்ந்த விலை குறித்தவருக்கே சரக்கு சேரும். சம்பா அறுவடையை ஒட்டி வரத்து குவியும்போது விலை தளர்கிறது. கடனும் அறுவடைக் கூலியும் நெருக்குவதால், காத்திருக்க இயலாத சிறு உழவரே அந்தத் தளர்ந்த விலைக்கு விற்கிறார் என்பது இச்சந்தையின் உண்மையான குறை. கிடங்கில் நெல்லை ஈடாக வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன் அவருக்குச் சில மாத அவகாசம் தருகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம், அறிவித்த ஆதரவு விலையில் வாங்கும் இன்னொரு வாங்குநராக நிற்கிறது. ஆனால் அந்நிலையம் அறுவடைக்குப் பிந்தித் திறந்தால், முன்னரே விற்றுவிட்டவருக்கு அவ்விலை கிட்டுவதில்லை.