சமுதாயத் தலைவரும் நகராட்சிப் பதிவும்: பிட்டி தியாகராயரை முன்வைத்து

கேரளத்தின் திருப்பூணித்துறையிலோ மட்டாஞ்சேரியிலோ உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர் எந்தச் சமுதாயத்தில் செல்வாக்குள்ளவர் என்பதே முதல் கேள்வி. கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பலர் அடுத்தடுத்து வாழும் மட்டாஞ்சேரியில் இது இயல்பே. சமுதாயத் தலைமை ஒருவருக்கு வாக்குகளைத் திரட்டித் தரும். நகரத்துக்கு அவர் செய்ததை அளக்க அது போதுமா?

இதற்குச் சென்னை மாநகராட்சியின் பிட்டி தியாகராய செட்டியைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. 1882இல் மன்றத்தில் நுழைந்த அவர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்கிருந்தார். பின்னர் நீதிக்கட்சி எனப்பட்ட அமைப்பின் சார்பில் அவர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை வந்தது 1916 டிசம்பரில். அதற்கு முன்பே அவருக்கு முப்பதாண்டுகளைத் தாண்டிய நகராட்சி அனுபவம் இருந்தது. நீதிக்கட்சித் தலைவர் என்றே அவரை அறிமுகப்படுத்தும் வரலாறுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. 1919ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்துக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக அவர் அமர்ந்ததும், 1920 இறுதியில் முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது அதை மறுத்ததும், அவர் தம்மை எந்த மன்றத்துக்குரியவராகக் கருதினார் என்பதைக் காட்டுகின்றன.

1920 செப்டம்பர் 16இல் மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவருக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு. அங்கே படிப்போர் ஏழைகள், வறுமையால் வருகை குறைகிறது என்பதே தலைவரான தியாகராயர் தந்த விளக்கம். அதில் சாதிப் பெயரோ சமுதாயப் பெயரோ இல்லை. பசியையும் வருகைப் பதிவேட்டையும் மட்டுமே கணக்கில் கொண்ட இந்த வாதம் பெரிது. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவை அரசு அனுமதிக்காததால் 1925இல் நின்றது.

அதே மனிதரின் வாழ்வில், அத்தீர்மானத்துக்கு அடுத்த ஆண்டையும் படித்தாக வேண்டும். 1921இல் சென்னையின் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுக்கும் வேலைநிறுத்தக்காரர்களுக்கும் கலவரம் மூண்டு, புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைமையோ, அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலவரத்துக்குக் காரணம் என்றது. ஆதிதிராவிடர் தலைவர் எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். தியாகராயர் தலைமையில் இயங்கிய கட்சியின் நிலைப்பாடு இது. அவரை இதிலிருந்து பிரித்துவைக்க முடியாது.

மதிய உணவின் வரலாற்றை எழுதுவோர் 1920ஐச் சொல்கிறார்கள். தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் 1921ஐச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை, நகரமும் ஒன்றே. ஏழை மாணவனுக்கு உணவளிக்கும் தீர்மானத்தால் தலைவரின் ஆதரவாளர் எவரும் எதையும் இழக்கவில்லை. புளியந்தோப்பில் நடுநிலையாகப் பேசியிருந்தால் வேலைநிறுத்தக்காரரான சொந்த ஆதரவாளர்களின் மனத்தாங்கலை ஏற்க வேண்டியிருந்திருக்கும். எனவே சமுதாயத் தலைவரின் நகராட்சிப் பதிவை மதிப்பிட, அவர் கட்டியவற்றை எண்ணினால் போதாது. தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இழப்பு நேரக்கூடிய முடிவுகளில் அவர் எப்பக்கம் நின்றார் என்று தேட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது பெரும்பாலும் கிடைக்காது. மன்றத்துக்கு வெளியே அவர் பேசியதிலும் பேசாமல் விட்டதிலும்தான் கிடைக்கும்.

இன்று கேரளத்தில் உள்ளாட்சி வேட்பாளர் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை வேட்புமனுவோடு தருகிறார். மன்றத்தில் முன்பே இருந்தவர் எந்தத் தீர்மானத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்பதைச் சொல்ல அதில் இடமில்லை. கொச்சி மாநகராட்சி 1967இல் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எறணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளையும் இணைத்து உருவானது. அந்நாள் முதலான மன்றக் குறிப்புகளைத் தொகுதிவாரியாகத் தொகுத்து வாக்காளர் கையில் தருவதே ஆய்வாளர் உடனே தொடங்க வேண்டிய பணி.