தனிப் பெரும்பான்மையும் சிறு கட்சிகளும்

வாக்குகள் எண்ணப்பெற்ற மாலையில் வென்றவர் வெடி கொளுத்துவதும் தோற்றவர் வாளாவிருப்பதும் பூவிருந்தவல்லிக் கடைவீதியில் நாம் பன்முறை கண்ட காட்சியே. அப்புகை அடங்கியபின் எழும் வினா வேறு. ஒரு கட்சியே ஆட்சி முழுதும் கைக்கொண்டதோ, பிறர் துணையை நாடி நிற்கின்றதோ என்பதே அது. நம்மனோர் சங்கங்களுக்கு இவ்வினா அயலதன்று. அஃது எங்ஙனமென 1952-ஆம் ஆண்டு வரலாற்றால் விளக்கப் புகுகின்றாம்.

1937-இல் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159-ஐக் காங்கிரஸ் பெற்றது; அன்று பிறர் துணை வேண்டப்படவில்லை. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலோ 375 இடங்களுள் அதற்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டையிற் பிறந்த பக்தவத்சலனாரும் தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தனர். அவர்களையும் பிறரையும் கூட்டிப் பிரகாசம் ஓரணி அமைத்து, ஆட்சியைத் தமக்கே தருக என்றார். கவர்னர் ஸ்ரீபிரகாசாவோ, தேர்தலில் நில்லாத இராஜாஜியை மேலவைக்கு நியமித்து, அமைச்சரவை அமைக்க அழைத்தார். அது முறையோ என்னும் வழக்கு இன்றும் அறிஞரிடை நிகழ்கின்றது. மக்கள் வாக்கினைப் பெறாதார் ஒருவரை நியமனத்தால் முதல்வராக்கியது நன்றன்று என்பதே எம் துணிபு.

இங்குத்தான் சிறு கட்சிகளின் கதை தொடங்குகின்றது. தென்னார்க்காடு, சேலம் பக்கங்களில் இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், வடவார்க்காடு, செங்கற்பட்டுப் பக்கங்களில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றிருந்தன. இவ்விரண்டும் வன்னியர் சங்கத்தின் வேரினின்று கிளைத்தவை. நம் பூவிருந்தவல்லியும் ஆவடியும் அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்தவையாதலின், இக்கதை நம் வாயிலிலேயே நடந்ததெனலாம். ஆறிடமே உடைய நாயகர் இராஜாஜிக்குத் துணைநின்று அமைச்சருமாயினார். 1952 ஜூலை 3-ஆம் நாள் நிகழ்ந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 200-க்கு 151 என வென்றது. படையாட்சியார் 1954-இல், காமராசர் முதல்வரானபோது அமைச்சரவை புக்கார். பின்னர் இரு கட்சிகளும் கலைந்து காங்கிரஸிற் கரைந்தன.

இதனாற் பெற்றது யாது, இழந்தது யாது? தம் குலத்தார் இருவர் அமைச்சராதல் சிறிய பேறன்று. அதுவரை எவரும் பொருட்படுத்தாத உழவர் குடிகளின் குரல் கோட்டைக்குள் எட்டிற்று. ஆயினும் தட்டானது தராசிற் குன்றிமணிக்கு உள்ள மதிப்பு விறகுக்கடைத் தராசில் இல்லை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. கம்யூனிஸ்டுகள் பலர் அவ்வெல்லைக்கு அப்பாலாயினர். 1955 ஜனவரியில் தேபர் தலைமையிற் காங்கிரஸ் மகாசபை நம் ஆவடியிற் கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயமே குறிக்கோளென்று தீர்மானித்தது. 1957-இல் அக்கட்சி 205-க்கு 151 இடங்களை வென்றது. அதன்பின் ஆறிடக்காரரைத் தேடுவார் யார்?

அவ்வலிமையும் நிலைக்கவில்லை. 1967-இல், முதல்வராயிருந்த பக்தவத்சலனார் ஸ்ரீபெரும்புதூரிற் தோற்க, தி.மு.க. தனித்தே ஆட்சி கொண்டது. 2006-இல் அக்கட்சியே 234-க்கு 96 இடங்களுடன், காங்கிரஸ் வெளியினின்று தாங்க, ஐந்தாண்டு ஆண்டது.

நம் ஊரே தராசு முள்ளாய் நின்றதும் உண்டு. 2017 செப்டம்பர் 18-இல், முதல்வர் பழனிசாமியார்மீது நம்பிக்கையின்மை தெரிவித்த 18 உறுப்பினரைச் சபாநாயகர் தகுதி நீக்கினார். பூவிருந்தவல்லி உறுப்பினர் அவருள் ஒருவர். 2019-இல் நடந்த 22 இடைத்தேர்தல்களில் ஆளுங்கட்சி ஒன்பதை வென்று ஆட்சியைக் காத்துக்கொண்டது. பூவிருந்தவல்லியோ எதிர்க்கட்சியாகிய தி.மு.க.வுக்கு வாக்களித்தது. இடைப்பட்ட இருபது திங்களும் நம் தொகுதிக்குச் சட்டசபையில் நாவில்லை. அந்நாட்களில் எம் மாணவன் ஒருவனின் தந்தையார், தெருக் கழிவுநீர்க் கால்வாய் குறித்து விண்ணப்பம் எழுதித் தருமாறு எம்மிடம் வந்தார். "எம்.எல்.ஏ.வுக்கு என்று போடுங்கள், ஐயா" என்றார். அவ்விடம் வெறுமையாயிருப்பதை எடுத்துக் கூறி, கலெக்டர் பெயருக்கே எழுதிக் கொடுத்தோம்.