பயனர்பெயர் வில்லை

பயனர்பெயர் வில்லை என்பது சோப் இணையச் சேவையை அழைப்பவர் யார் என்பதைப் பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொண்டு உறுதிசெய்யும் முறையாகும். ஆங்கிலத்தில் இது யூசர்நேம் டோக்கன் எனப்படுகிறது.

வரலாறு

சோப் நெறிமுறை செய்தியின் வடிவத்தை வரையறுக்கிறது. அழைப்பவரை அடையாளம் காணும் வழியை அது வரையறுப்பதில்லை. இக்குறையை நீக்க ஐபிஎம், மைக்ரோசாப்ட், வெரிசைன் ஆகிய நிறுவனங்கள் 2002-இல் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி என்னும் வரைவை வெளியிட்டன. ஓயாசிஸ் அமைப்பு 2004-இல் இதனைச் செந்தரமாக ஏற்றது. 1.1 பதிப்பு 2006-இல் வெளிவந்தது. பயனர்பெயர் வில்லை இச்செந்தரத்தின் ஒரு பகுதியாகும்.

அமைப்பு

சோப் செய்தியின் உறையினுள் தலைப்பகுதி, உடற்பகுதி என இரு பகுதிகள் உண்டு. வில்லை தலைப்பகுதியில் வைக்கப்படும். எனவே உடற்பகுதியில் உள்ள வேண்டுகோளின் வடிவத்தை மாற்றத் தேவையில்லை.

கடவுச்சொல்லை இரு வகைகளில் அனுப்பலாம்:

* வெளிப்படை உரை: கடவுச்சொல் உள்ளவாறே அனுப்பப்படும்.
* சுருக்கம்: ஒருமுறை மட்டும் பயன்படும் எழுமாற்று மதிப்பு, வில்லை உருவான நேரம், கடவுச்சொல் ஆகியவை இவ்வரிசையில் இணைக்கப்பட்டு, ஷா-1 முறையில் சுருக்கப்பட்டு, பேஸ்64 குறிமுறையில் அனுப்பப்படும்.

ஒருவர் செய்தியை இடைமறித்து, அதனையே மீண்டும் அனுப்ப முயலலாம். இதனைத் தடுக்க வழங்கி பழைய நேரமுடைய வில்லைகளையும், முன்பே வந்த எழுமாற்று மதிப்புகளையும் நிராகரிக்க வேண்டும். நேர வரம்பு குறைந்தது 5 நிமிடங்களாக இருக்கலாம் எனச் செந்தரம் வழிகாட்டுகிறது. இரு கணினிகளின் கடிகாரங்களும் பெரிதும் வேறுபட்டால் முறையான அழைப்புகளும் நிராகரிக்கப்படும்.

பாதுகாப்பு

சுருக்க முறையே பாதுகாப்பானது என்பது பரவலான தவறான கருத்தாகும். வந்த சுருக்கத்தைச் சரிபார்க்க, வழங்கியும் அதே கணக்கைச் செய்ய வேண்டும். அதற்கு மூலக் கடவுச்சொல் அல்லது அதற்கு இணையான ஒன்று வழங்கியிடம் இருக்க வேண்டும். அத்தரவுத்தளம் களவுபோனால் அனைவரின் கணக்குகளும் வெளிப்படும். வெளிப்படை உரை முறையில், கடவுச்சொற்களை மீட்கவியலா வடிவில் சேமிக்க முடியும். ஆனால் டிஎல்எஸ் மறையாக்கம் இன்றியமையாதது.

மேலும், வில்லை மட்டும் உடற்பகுதியைப் பாதுகாப்பதில்லை. மறையாக்கமோ மின்னொப்பமோ இல்லையெனில், வழியில் உள்ளவர் வில்லையை விட்டுவிட்டு வேண்டுகோளை மட்டும் மாற்றிவிட இயலும். எளிய கடவுச்சொற்களைச் சுருக்கத்திலிருந்து ஊகித்தறியவும் கூடும்.

இலங்கையின் பங்கு

அப்பாச்சி ஆக்சிஸ்2 என்னும் கட்டற்ற சோப் மென்பொருளின் உருவாக்கத்தில் இலங்கைப் பொறியாளர்கள் பெரும்பங்கு வகித்தனர். சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இப்பணியில் ஈடுபட்டது. ஆக்சிஸ்2 உடன் இணையும் ராம்பார்ட் என்னும் கூறு இவ்வில்லையைக் கையாள்கிறது. சுருக்க முறையில், பயனரின் மூலக் கடவுச்சொல்லைத் தருமாறு ராம்பார்ட் நிரலரின் வகுப்பு ஒன்றை அழைக்கும். மேற்கூறிய சேமிப்புச் சிக்கலை நிரலர் நேரில் காணும் இடம் இதுவாகும்.