எரித்தால் குற்றமா?

சட்டம் எங்கிருந்து வருகிறது? சட்டசபையிலிருந்தா, கோர்ட்டிலிருந்தா? திருச்சியையும் டெக்ஸாஸையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

1957 நவம்பர். திருச்சியில் குடியிருந்த பெரியார், சாதியைக் காப்பாற்றுவதாக அவர் கருதிய அரசியல் சாசனப் பிரிவுகளை எரிக்கப்போவதாக அறிவித்தார். எரித்தால் என்ன தண்டனை? அதற்கென்று நேரடியாக ஒரு சட்டமே இல்லை! சென்னை சட்டசபை அவசரமாக ஒன்றைப் போட்டது: மூன்றாண்டு வரை சிறை. அப்படியும் 26-ம் தேதி எரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே போனார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. பெரியாருக்குத் திருச்சி செஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஆறு மாதம், எரிப்புக்காக அல்ல, அதற்கு முந்தைய பேச்சுகளுக்காக.

டெக்ஸாஸுக்கு வருவோம். 1984-ல் டல்லாஸ் நகரில் ஜான்சன் என்பவர் அமெரிக்கக் கொடியைக் கொளுத்தினார். மாநிலச் சட்டப்படி ஓராண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். மாநிலத்தின் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது. அரசு விடவில்லை, அப்பீல். 1989-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், 'சாசனம் தரும் பேச்சுரிமைதான் பெரிது' என்றார்கள். அங்குள்ள நாடாளுமன்றம் கோபத்தோடு புதுச் சட்டம் போட்டது. 1990-ல் அதுவும் அவுட்!

சட்டசபை இயற்றும், சாசனம் எல்லை போடும், எல்லை தாண்டியதா என்று கோர்ட் சொல்லும். நம் கோர்ட்டுகளுக்கும் இதே அதிகாரம் உண்டு. ஆனால் நம் சாசனம், பேச்சுரிமையைத் தந்த கையோடு 'நியாயமான கட்டுப்பாடு'களுக்கும் இடம் வைத்திருக்கிறது. 1971-ல் டெல்லியும் அதே மூன்றாண்டுத் தண்டனையைச் சட்டமாக்கியது. இன்றும் அமலில் இருக்கிறது.

அங்கே உரிமை, இங்கே ஜெயில். நடுவில் இருப்பது சாசனத்தின் ஓர் உட்பிரிவு, அவ்வளவுதான்.