கருக்குழாய்க் கட்டு

பெண்ணின் கருப்பையிலிருந்து சூலகங்களை நோக்கி இருபுறமும் செல்லும் கருக்குழாய்களைக் கட்டியோ வெட்டியோ அடைத்தோ, சினைமுட்டையும் விந்தணுவும் சந்திக்க வழியில்லாமற் செய்துவிடும் நிரந்தரக் கருத்தடைச் சிகிச்சை. சூலகங்கள் முன்போலவே இயங்குகின்றமையால் மாதவிலக்கு நிற்பதில்லை. பெண்மை குன்றும் என்று பலர் கொள்ளும் பயத்துக்கும் ஆதாரமில்லை.

இவ்வுபாயத்தை 1823இல் லண்டனில் முன்மொழிந்த ஜேம்ஸ் பிளண்டெல், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க நேர்ந்த தாய்க்கு அவ்வபாயம் மீண்டும் வாராதிருக்க வேண்டும் என்றே கருதினார். 1880இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் சாமுவேல் லங்ரன் அதைச் செய்து காட்டினார். புரூக்ளின் மருத்துவர் ரால்ஃப் பொமராய் கையாண்ட முறையை, அவர் காலமான பின் 1930இல் அவருடைய சகாக்கள் வெளியிட்டனர். குழாயின் நடுப்பகுதியை இடுக்கியால் வளையமாகத் தூக்கி, அதன் அடியைக் கரையக்கூடிய நூலால் கட்டி, மேல்வளைவை வெட்டிவிடுவதும், சில வாரங்களில் நூல் கரைந்து, வெட்டுண்ட முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி மூடிக்கொள்வதுமே அம்முறையின் நுட்பம். பிரசவமான ஓரிரு நாளில் கருப்பை தொப்புள் மட்டத்துக்கு உயர்ந்திருப்பதால், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலே போதுமாகிறது; பிரசவ வார்டில் இச்சிகிச்சை வேரூன்றியதன் காரணம் இதுவே. வயிற்றுக்குள் குழல் செலுத்திப் பார்க்கும் லாப்பரோஸ்கோப்பியை இங்கிலாந்தில் பரப்பிய பாட்ரிக் ஸ்டெப்டோ 1967இல் அதுபற்றி நூல் எழுதினார்; பிள்ளைப்பேற்றைத் தடுக்கவும் பயன்பட்ட அதே கருவியைக் கொண்டே, 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கவும் அவர் வழிசெய்தார்.

மலாயாவில் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் சிலாங்கூரில் முளைத்தது. 1953இல் அம்மாநிலத்தில் சங்கம் அமைந்தது. 1958இல் மாநிலச் சங்கங்கள் ஒரு சம்மேளனமாயின. 1966இல் மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்து, முதலில் பெருநகர மருத்துவமனைகளிலும், பின்னர் சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் தன் பணியை விரித்தது. சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்ட நடுவூராகிய பந்திங்கைச் சூழ்ந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களில், விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போன தமிழ்ப் பெண்ணுக்கு, ஒவ்வொரு பிரசவமும் கூலியையும் உடம்பையும் ஒருசேரக் குறைத்த காலம் அது. எனினும் 1984இல் அரசாங்கம் 2100ஆம் ஆண்டுக்குள் ஏழு கோடி மக்கள் என்ற இலக்கை வகுத்தபோது, வாரியத்தின் பெயரும் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என மாறியது. அதன்பின் நாட்டில் கருத்தடை கையாளும் தம்பதியர் விகிதம் பாதியளவிலேயே தங்கிவிட்டது. இஸ்லாமிய மார்க்க விதி, மருத்துவ அவசியமின்றி நிரந்தரக் கருத்தடையை ஏற்பதில்லை. ஆகவே இச்சிகிச்சையைப் பெரும்பாலும் நாடுவோர் தமிழரும் சீனரும் ஆவர்.

இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்குரிய வாசெக்டமி அதைவிட எளிதும் அபாயம் குறைந்ததுமாயிருந்தும் அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பாரம் முழுவதும் மனைவியின் தலையில் ஏற்றப்படுவது நியாயமன்று. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டதைத் தொடர்ந்து பலர் இறந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தும்படி ஆணையிட்டது. இலக்கை எண்ணுவோர் பெண்ணின் சம்மதத்தை எண்ண மறந்ததன் விளைவே அம்மரணங்கள். கணவன் கையெழுத்தின்றி அவள் விருப்பத்தை ஏற்காத மருத்துவமனை வழக்கமும் அதே மறதியின் மறுபுறமேயாகும்.

கட்டு முற்றிலும் தவறாததன்று. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பத்தாண்டுகளில் ஆயிரம் பெண்களில் சுமார் 18 பேர் மீண்டும் கருவுற்றதைக் கண்டது. அவ்வாறு தரிக்கும் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. நாள் தள்ளிப்போனால் கட்டை நம்பி அசட்டையாயிருக்கலாகாது. சூலகப் புற்றுநோயில் ஒரு வகை பெரும்பாலும் குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று அறியப்பட்ட பின், அண்மைக் காலத்தில் குழாய்களை அடியோடு அகற்றும் முறையும் பரவிவருகிறது. கட்டிய குழாயை மீண்டும் இணைத்துப் பார்க்கச் சிலருக்கேனும் வாய்ப்புண்டு. அகற்றியதற்கு அது கிடையாது. ஆதலால் இதுபற்றிய பேச்சு, பிரசவ வலியில் படிவம் நீட்டப்படும் வேளையில் அல்லாமல், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் மாதங்களிலேயே, பெண்ணுக்கு விளங்கும் மொழியில் நடைபெற வேண்டும்.