முடிவுக்கோடு

ஓடுகளத்திலிருந்து அன்றாட வழக்கிற்கு வந்த ஆங்கில மரபுத்தொடர்களுள் ‘முடிவுக்கோட்டைத் தாண்டுதல்’ என்பதும் ஒன்று. ஏற்ற பணியை இறுதிவரை நின்று நிறைவேற்றுதல் என்பதே அதன் பொருள். ‘முடிவு’ என்னும் அடைமொழி நீங்கி, ‘கோட்டைத் தாண்டுதல்’ என்று மட்டும் நின்றால், ஆங்கிலத்தில் அது வரம்பு மீறுதலைக் குறிக்கும். ஒரு சொல்லால் பொருள் இவ்வளவு மாறுவதை நினைக்கும்போது, வரலாறு கண்ட இரண்டு மாரத்தான் ஓட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

1908ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இத்தாலியரான டொராண்டோ பியத்ரி முதல்வராக அரங்கினுள் நுழைந்தார். இவர் இனிப்புக் கடையொன்றில் வேலை பார்த்தவர். களைப்பு மிகுதியால் திசை தவறித் திரும்பினார்; பன்முறை விழுந்தார். இரக்கம் கொண்ட அலுவலர்கள் அவரைத் தூக்கி நிறுத்தி, முடிவுக்கோட்டைத் தாண்டச் செய்தனர். அமெரிக்கரான ஜானி ஹேய்ஸ் பின்னால் வந்து, தம் கால்களாலேயே ஓட்டத்தை முடித்தார். முறையீடு எழுந்தது. பிறர் துணை பெற்றமையால் பியத்ரி தகுதி இழந்தார். தங்கப்பதக்கம் ஹேய்ஸுக்கு உரியதாயிற்று. பியத்ரி கோட்டைத் தாண்டியபோதே விதியின் வரம்பும் மீறப்பட்டுவிட்டது. எனினும், மறுநாள் அரசி அலெக்சாந்திரா பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணமொன்றை அவருக்குப் பரிசளித்தார்.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1968இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி ஓட்டத்தின் இடையே விழுந்து முழங்காலில் கடுங்காயம் அடைந்தார். காலில் கட்டுடன் மீண்டும் ஓடினார். எத்தியோப்பியரான மாமோ வோல்டே வெற்றி பெற்று ஒரு மணி நேரத்திற்கும் மேலான பின்னர், இருள் கவிந்த அரங்கினுள் நொண்டியபடி நுழைந்து, கடைசியாளாய் முடிவுக்கோட்டைத் தாண்டினார். ஏன் இடையில் விலகவில்லை என்று வினவியபோது, ஓட்டத்தைத் தொடங்குவதற்காகத் தம் நாடு தம்மை அனுப்பவில்லை, முடிப்பதற்கே அனுப்பியது என்ற கருத்துப்பட விடை பகர்ந்தார்.

தமிழில் நாம் ‘கரை சேர்தல்’ என்கிறோம். ‘கரை சேர்த்தல்’ என்றும் சொல்கிறோம். தானே நீந்தி வந்தவனும், பிறர் கைப்பற்றி ஏற்றியவனும் நம் மொழியில் கரை கண்டவர்களே. ஓடுகளமோ கை கொடுப்பதை ஏற்பதில்லை. வாழ்க்கைக்கு இவ்விரண்டும் வேண்டும். துவண்டவனைத் தாங்கும் கையை நாம் பழித்தலாகாது. ஆயினும், கடைசி அடியைத் தன் காலாலேயே எடுத்து வைத்தவனுக்கு உரிய பெருமை தனியானது. முதல்வனாக வந்தாலும், கடைசியாளாக வந்தாலும் அப்பெருமை குறைவதில்லை.