இரும்புத் தலைக்கவசமும் அதன் படிகளும்

இங்கிலாந்தின் கண்டர்பரிப் பேராலயத்தில், 1376ஆம் ஆண்டில் இறந்த 'கறுப்பு இளவரசன்' எட்வேர்டின் சமாதிக்கு மேலே தலைக்கவசமொன்று தொங்குகின்றது. அஃது அவனது கவசம் அன்று. 1954ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட படியாகும். மூலக்கவசம் அதே ஆலயத்தில் வேறாகப் பேணப்படுகின்றது. மூலத்தைக் காக்கவெனச் செய்யப்பட்ட இப்படி எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. படிகள் யாவும் இத்தகையன எனக் கொள்ளுதல் இயலாது.

மூலக்கவசத்தை முதலில் நோக்குவோம். இரும்புத் தகடுகள் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டுள்ளன; கண்களுக்கு ஒடுங்கிய பிளவு; மூச்சுத்துளைகள் வலப்புறத்தே, முடியின் வடிவில். எதிரியின் ஈட்டி பெரும்பாலும் இடப்புறத்தையே தாக்குமாதலின் அப்புறத்தைத் துளையிட்டு வலுவிழக்கச் செய்யக் கொல்லன் விரும்பவில்லைப் போலும். முகம் மறைந்தமையால் உச்சியிற் குலச்சின்னம் வேண்டப்பட்டது. நிலமானிய வருவாய் உடையோர்க்கே இக்கோலம் இயல்வதாயிற்று. 1346இற் கிரேசியில் வெற்றியைப் பெரிதும் உறுதிசெய்த நெடுவில்லாளருள் மிகப் பலர்க்குச் சமாதியே இல்லை.

இனி, 1839ஆம் ஆண்டு. ஸ்கொட்லாந்தின் எயர்ஷயரில் எக்லிண்டன் பிரபு, ஆகஸ்ட் இறுதியில், மத்தியகாலப் போர்விளையாட்டை மீண்டும் அரங்கேற்றினான். கவசங்களை வழங்கியவர் சாமுவேல் பிராட் என்னும் இலண்டன் வணிகர். பழைய தலைக்கவசங்கள் கிடைத்தற்கு அரியனவாயும், அவற்றுக்கான வேட்கை பெரிதாயும் இருந்தமையின் போலிகள் தோன்றின. அவருடன் தொடர்புபடுத்தப்படும் போலிகள் சில பிற்கால ஆராய்ச்சியாளராற் கண்டறியப்பட்டுள்ளன.

இவ்வேட்கை எங்கிருந்து வந்தது? வோல்டர் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ' நாவலைக் காரணங்காட்டுவது வழக்கம். அது தவறன்று, ஆயினும் போதாது. அதே ஆண்டு யூலையில், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் ஏறத்தாழ 12,80,000 கையொப்பங்களுடன் அளித்த மனுவைப் பாராளுமன்றம் நிராகரித்தது. நவம்பரில் வேல்ஸின் நியூபோட்டில் எழுச்சியாளர் இருபதின்மர் வரையிற் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொழிலாளர் உரிமை கேட்டெழுந்த வேளையில், பிரபுக்கள் தம் மூதாதையரின் இரும்பு முகங்களைப் பூண விழைந்தமை தற்செயலானதென நாம் கருதவில்லை. அவர்கள் அதனை உணர்ந்தே செய்தனர் என்றும் கூறோம்.

விழாவின் முதல்நாளிற் பெருமழை பொழிந்தது. 'போட்டியின் அரசனாக' வீற்றிருந்த இலண்டன்டெரிப் பிரபு குடை பிடித்துக்கொண்டதாகக் கூறுவர். இவன் டேர்ஹம் பகுதியின் பெரும் நிலக்கரிச் சுரங்க உடைமையாளன்; பெண்களும் சிறுவரும் நிலத்தடியில் வேலைசெய்வதைத் தடுக்க 1842ஆம் ஆண்டில் வந்த சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் முனைந்து எதிர்த்தவனும் இவனே.